கஞ்சி ஊற்றினால் போதுமா?

அதிகாலை நான்கு மணி. வடசென்னையிலுள்ள ஒரு முதியோர் இல்லம். எல்லாரும் அயர்ந்து உறங்கும் அந்த வேளையில் மூதாட்டி ஒருவர் மட்டும் எழுந்து உட்காருகிறார். சேலையை இழுத்துச் செருகிக்கொள்கிறார். சுவரைப் பிடித்தபடி மெல்ல நடந்து வாசலை அடைந்து கதவைத் தட்டத் தொடங்குகிறார். இரவுப் பணிப்பெண் ஓடிவந்து அவரைக் கட்டிலுக்கு அழைத்துச் செல்கிறார். அரைமணி நேரம் கழித்து மீண்டும் அதே தட்டல்.

நாள்தோறும் இதே கதை. உறக்கம் கெடுகிறதென்று மற்றவர்கள் முறையிட்டனர். மூதாட்டியின் குறிப்பேட்டில் 'மனக்குழப்பம்' என்று எழுதப்பட்டது. கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போடப்பட்டது. மருத்துவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை வேலை செய்தது. மூதாட்டி பகலிலும் தூங்கத் தொடங்கினார். உணவு குறைந்தது. பேச்சும் குறைந்தது.

அந்த இல்லத்தைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. எங்கள் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாருடன் நான் பலமுறை அங்கே சென்றிருக்கிறேன். தரை கழுவித் துடைக்கப்பட்டிருக்கும். விரிப்புகள் வெளுத்திருக்கும். வேளை தவறாமல் உணவு கிடைக்கும். கன்னியர் மூவர் நாற்பது முதியவர்களைத் தம்மைப் பெற்றவர்களைப் போல் தாங்கி வந்தனர். ஆயினும் அந்த மூதாட்டி ஏன் நான்கு மணிக்கு எழுகிறார் என்று கேட்பதற்கு அங்கே ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை.

அவ்வாண்டு சமூகப்பணிப் படிப்பு பயிலும் மாணவி ஒருவர், களப்பயிற்சிக்காக வாரத்தில் இரண்டு நாள் அவ்வில்லத்துக்கு வந்தார். மூதாட்டியின் அருகே அமர்ந்து, "ஆயா, முன்னே நீங்க என்ன தொழில் பண்ணீங்க?" என்று கேட்டார். மூதாட்டியின் முகம் மலர்ந்தது. "காசிமேட்டுல மீன் எடுத்து வித்தேம்மா. நாலு மணிக்கு ஏலத்துக்குப் போனாத்தான் நல்ல மீன் கிடைக்கும். அப்புறம் போனா என்ன இருக்கும்?" என்றார்.

நாற்பது ஆண்டுகளாக அவர் எழுந்த நேரம் அது. அவரது உடல் மணி தவறாமல் எழுந்தது. மனம் கூடையைத் தேடியது. குழப்பம் அவரிடம் இல்லை. அவருடைய வாழ்க்கையை அறியாத நம்மிடம்தான் இருந்தது. மாணவி தலைமைக் கன்னியரிடம் பேசினார், மருத்துவரிடமும் எடுத்துரைத்தார். நான்கு மணிக்கு எழும் மூதாட்டிக்குத் தேநீர் ஒரு குவளை கொடுத்து, சமையலறைத் தாழ்வாரத்தில் அமர்த்தி, காய்கறி ஆய்ந்து தரும் பொறுப்பை ஒப்படைத்தனர். மீன் வாங்கும் நாளில் அதைக் கழுவி அறுப்பதும் அவரே. மருத்துவர் மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார். கதவு தட்டும் ஓசையும் நின்றது.

ஏப்ரல் மாதத்தில் மாணவியின் பயிற்சி முடிந்தது. அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. இரவுப் பணிப்பெண்ணும் சமையற்காரரும் மாறினர். இந்த ஏற்பாட்டின் காரணத்தைப் புதியவர்களுக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. ஜூன் மாதம் நாங்கள் சென்றபோது கதவில் மேல்தாழ்ப்பாள் மீண்டும் ஏறியிருந்தது. மூதாட்டி பகல் பதினொரு மணிக்கு உறங்கிக்கொண்டிருந்தார்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விட்டு அகலவில்லை. உணவும் மருந்தும் கொடுத்துவிட்டால் முதியோர் பராமரிப்பு நிறைவு பெற்றுவிடுமா?

கஞ்சித் தொட்டியின் கதை

ஸ்டான்லி மருத்துவமனையைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று நம் பாட்டன்மார் அழைத்ததை மூத்த வாசகர்கள் அறிவர். அப்பெயருக்குள் வடசென்னையின் கருணை வரலாறு அடங்கியிருக்கிறது. ஐதர் அலியின் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் நாட்டுப்புற மக்கள் சென்னைக்கு ஓடிவந்த காலம் அது. 1782-ஆம் ஆண்டில் அவர்களுக்குக் கஞ்சி வார்க்க ஒரு சத்திரம் எழுந்தது. ஊர் மணியக்காரரின் பொறுப்பில் நடந்தமையால் அது மணியக்காரர் சத்திரம் எனப்பட்டது. ஆங்கிலேயரின் நாவில் 'மோனிகர் சௌல்ட்ரி' ஆயிற்று.

கஞ்சிக்கு வந்தவர்களில் நோயாளிகளும் இருந்தனர். ஆகவே 1799-ஆம் ஆண்டில் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் சத்திரத்தையொட்டி ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த வித்துத்தான் பின்னர் வளர்ந்து ஸ்டான்லி மருத்துவமனையாகவும், 1938 முதல் மருத்துவக் கல்லூரியாகவும் கிளைத்தது. சத்திரமும் மறைந்துவிடவில்லை. அது முதியோர் தங்கும் இல்லமாகத் தன் அறப்பணியைத் தொடர்ந்து வருகிறது.

இந்த வரலாற்றில் இரண்டு படிகளைக் காண்கிறோம். முதற்படி கஞ்சி, இரண்டாம் படி மருந்து. பசித்தவனுக்குக் கஞ்சி வார்த்தவர்கள், அவன் நோயாளியாகவும் இருக்கக் கண்டு மருந்தும் கொடுத்தனர். முதியோர் மருத்துவத்திலும் சென்னை பின்தங்கியிருக்கவில்லை. 1978-இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்றே தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் வ. செ. நடராசன். 2024-இல் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது.

மூன்றாம் படி ஒன்று உண்டு. அந்த முதியவர் யார், எங்கிருந்து வந்தார், எதை இழந்தார், எதை எண்ணி அஞ்சுகிறார் என்று அறிந்து, அதற்கேற்ப அவருடைய எஞ்சிய நாட்களை அமைத்துக் கொடுப்பதே அப்படி. அதைத் தொழிலாகக் கற்றுச் செய்பவரே சமூகப் பணியாளர். இந்த மூன்றாம் படியில்தான் நம் இல்லங்கள் பல இன்னும் கால் வைக்கவில்லை.

நம் பகுதியின் முதியோர்

2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களுள் வடசென்னை முதியோருக்கென ஒரு தனி வரலாறு உண்டு. இராயப்பர் பெயரைத் தாங்கிய இராயபுரத்தில் 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் எழுந்தது. துறைமுகமும் ரயிலும் வேலை தந்தன. பின்னர் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் மணலியிலும் ஆலைகள் நிரம்பின. சுமை தூக்கியவர், கிரேன் ஓட்டியவர், உலைக்களத்தில் நின்றவர், மூன்று ஷிப்டும் மாறி மாறி உழைத்தவர் ஆகியோரே இன்று நம் பங்குகளின் முதியோர்.

அந்த வேலைகள் பல இன்று இல்லை. பெரம்பூரின் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. 1970-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் ஓய்ந்தது. பிள்ளைகள் வேலை தேடி ஒரகடத்துக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பெயர்ந்தனர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பிள்ளைகள் ஆஸ்திரேலியா சென்றனர். ஒற்றை அறை வீட்டில் கட்டில் ஒன்று போட்டால் மற்றவர்களுக்குப் படுக்க இடமில்லை. பாசம் வற்றியதால் மட்டுமே பெற்றோர் இல்லங்களுக்குச் செல்வதில்லை. பல வீடுகளில் இடமும் இல்லை; பகலில் உடனிருக்க ஆளும் இல்லை. இதனை உணராது பிள்ளைகளைச் சபிப்பது எளிது. அதனால் எந்த முதியவருக்கும் ஆறுதல் கிடைக்காது.

சமூகப் பணியாளர் என்ன செய்வார்?

"இல்லத்தில் கன்னியர் இருக்கிறார்கள், நர்ஸ் இருக்கிறார், சமையற்காரர் இருக்கிறார். இன்னும் ஒருவர் எதற்கு?" என்று கேட்போர் உண்டு. அவர் செய்யும் வேலைகளைச் சற்று விரிவாகக் காண்போம்.

முதலாவதாக, இல்லத்தில் சேரும் நாளன்று முதியவரின் வாழ்க்கைக் குறிப்பை எழுதுகிறார். பெயர், வயது, நோய் ஆகிய மூன்றோடு நின்றுவிடும் படிவம் போதாது. செய்த தொழில், எழும் நேரம், பிடித்த உணவு, உறவினர், மனத்தாங்கல், வழிபாட்டுப் பழக்கம் அனைத்தும் அதில் இடம்பெறும். பணியாட்கள் மாறினாலும் அந்தக் குறிப்பு மாறாது இருக்கும். அத்தகைய குறிப்பு ஒன்று இருந்திருந்தால் காசிமேட்டு மூதாட்டிக்கு மீண்டும் தாழ்ப்பாள் விழுந்திருக்காது.

இரண்டாவதாக, முதியவருக்கு உரிய பணத்தைப் பெற்றுத் தருகிறார். தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 1,200 ரூபாய். ஆலையில் உழைத்தவருக்கு 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டப்படி சிறு தொகை வரும். அது தொடர்ந்து வர ஆண்டுக்கொருமுறை உயிர்வாழ்வுச் சான்று கொடுத்தாக வேண்டும். கட்டிலை விட்டு இறங்க முடியாதவரின் கைரேகை தேய்ந்து இயந்திரத்தில் பதியாமற் போனால், உயிரோடு இருப்பவரே உயிரோடு இருப்பதை நிரூபிக்க இயலாமல் தவிக்கிறார். வங்கிக்கும் அலுவலகத்துக்கும் நடக்க யாரேனும் வேண்டாமா? தொகை சிறிதுதான். ஆனால் தன் பணத்தில் வெற்றிலை வாங்குவதற்கும், பிறரிடம் கையேந்தி வாங்குவதற்கும் உள்ள வேற்றுமையை முதியவர்கள் நன்கு அறிவார்கள்.

மூன்றாவதாக, குடும்பத்துக்கும் இல்லத்துக்கும் பாலமாகிறார். பெற்றோரை இல்லத்தில் விட்ட பிள்ளைகள் பலர், குற்றவுணர்வினாலேயே வந்து பார்ப்பதைத் தவிர்க்கின்றனர். எந்த முகத்தோடு செல்வது என்ற தயக்கம் மாதங்களாக நீண்டு ஆண்டுகளாகிவிடுகிறது. அவர்களை அழைத்துப் பேசி, பேரனின் முதல் நற்கருணை விழாவுக்குப் பாட்டியை வீட்டுக்கு அழைத்துச் செல்ல வழிசெய்வது ஒரு கலை. கோபமாகப் பேசினால் கதவு மூடிக்கொள்ளும். பேசாமலே இருந்தாலும் மூடிக்கொள்ளும்.

நான்காவதாக, முதியவரின் குறையைக் கேட்கும் செவியாக இருக்கிறார். தன்னைக் குளிப்பாட்டும் பணிப்பெண்ணைப் பற்றி அவரிடமே எப்படி முறையிடுவது? தலைமைக் கன்னியரிடம் சொன்னால் நாளை சோறு போடும் கை கடிந்துகொள்ளுமோ என்று முதியவர்கள் அஞ்சுகின்றனர். உணவு பரிமாறாத, ஊசி போடாத, படுக்கை மாற்றாத ஒருவரிடமே அவர்கள் மனம் திறப்பர். குறை கேட்கப்படும் இல்லத்தில் சிறு தவறுகள் சிறியவையாக இருக்கும்போதே திருத்தப்படும். குறைகளே எழாத இல்லம் என்று பெருமைப்படும் இடத்தில், குறைகளைக் கேட்க ஆளில்லாமலும் இருக்கலாம்.

ஐந்தாவதாக, ஆபத்து வேளையில் யார் நடப்பார், யாரைத் தூக்க வேண்டும் என்ற பட்டியல் அவரிடம் இருக்கும். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்தபோது மக்கள் மூச்சுத் திணறி உறக்கத்தினின்று எழுந்து ஓடினர். கால் உள்ளவர்கள் ஓடினார்கள். ஓட இயலாத முப்பது பேர் ஒரே கூரையின்கீழ் இருந்தால் என்ன செய்வது? தொழிற்சாலைகள் சூழ்ந்த நம் பகுதியில் ஒவ்வொரு இல்லமும் இக்கேள்விக்கு முன்கூட்டியே விடை எழுதி வைக்க வேண்டும்.

இறுதியாக, மரணம். எங்கே இறக்க விரும்புகிறார், யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும், காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் கணவரின் அருகே இடம் உண்டா, குருவானவரை எப்போது அழைக்க வேண்டும் என்பவற்றைப் பேசுவதற்குப் பலர் கூசுகின்றனர். முதியவர்களோ இவற்றைப் பேசக் காத்திருக்கின்றனர். அமைதியாகக் கேட்டு எழுதிவைக்கும் ஒருவர் இருந்தால், இறுதி நாட்களின் அச்சத்தில் பாதி குறைந்துவிடும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

நம் தொழிற்பகுதிக்கு நன்கு அறிமுகமான ஒரு பதவியை இங்கே நினைவூட்டுகிறேன். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்நூறு தொழிலாளர் பணிபுரியும் ஆலைகளில் நல அலுவலர் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்று கட்டளையிட்டது. 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது. 'வெல்ஃபேர் ஆபீசர்' என்று நம் தந்தையர் அழைத்த அவரிடம், குடும்பச் சண்டை முதல் மகளின் திருமணக் கடன் வரை கொண்டுசென்றவர்கள் உண்டு. உழைக்கும் வயதில் ஒருவருக்கு நல அலுவலர் தேவை என்று சட்டம் கருதியது. அதே தொழிலாளி எண்பது வயதில், கைகால் தளர்ந்து, பிறரை முற்றிலும் சார்ந்து ஓர் இல்லத்தில் கிடக்கும்போது அத்தேவை நீங்கிவிடுமா?

குழந்தைகள் இல்லங்களைப் பாருங்கள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அவை பதிவு பெற வேண்டும். அதன்கீழ் வந்த விதிகள் நல அலுவலர்களையும் ஆலோசகர்களையும் பணியாளர் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. முதியோர் இல்லங்கள் அனைத்துக்கும் பொருந்துமாறு இத்தகைய கட்டாயம் நாடு தழுவிய சட்டமாக இன்னும் வரவில்லை.

2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் நல்ல சட்டம். பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெற அது வழிசெய்கிறது. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் இதனை விசாரிக்கிறது. முதியவர் தாமே மனுச்செய்ய இயலாவிடில் அவர் அனுமதியுடன் வேறொருவரோ ஓர் அமைப்போ மனுச்செய்யலாம். முதியோரைக் கைவிடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் உண்டு. வறிய முதியோருக்காக மாவட்டத்துக்கு ஒன்றேனும், குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் அமைக்கலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. அந்த 150 பேரையும் தனித்தனியே அறிந்திருக்க வேண்டியவர் யார் என்பதை மட்டும் அது கூறவில்லை. முதியோர் இல்லங்களைப் பதிவு செய்து, குறைந்தபட்சத் தரம் வகுக்கும் திருத்த மசோதா 2019-இல் மக்களவையில் அறிமுகமானது. நிறைவேறாமலே 2024-இல் அவை கலைந்தபோது அதுவும் காலாவதியாயிற்று.

அமெரிக்காவின் அனுபவம் ஒரு பாடம். அங்கே 'நர்சிங் ஹோம்' என்றால், நம்மூரில் வழங்குவது போலச் சிறிய தனியார் மருத்துவமனை என்று பொருளில்லை. படுக்கையிலேயே பராமரிக்கப்பட வேண்டிய முதியோரின் இல்லத்தையே அவர்கள் அவ்வாறு அழைக்கின்றனர். அவற்றின் அவலங்கள் வெளிச்சத்துக்கு வந்தபின் 1987-இல் ஒரு சீர்திருத்தச் சட்டம் இயற்றினர். 120 படுக்கைகளுக்கு மேற்பட்ட இல்லம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற சமூகப் பணியாளர் ஒருவர் முழுநேரமாக இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. இதிலும் குறை இல்லாமலில்லை. நூற்றிருபதுக்கு மேற்பட்டவர்களை ஒருவர் எப்படி அறிவார்? நூற்றிருபதுக்குக் குறைந்த இல்லத்தில் முழுநேரப் பணியாளர் இல்லாமலே போகலாமா? ஆள் இருக்கிறார் என்பதோடு, ஒருவர் பொறுப்பில் எத்தனை பேர் என்பதும் பராமரிப்பின் தரத்தை நிர்ணயிக்கிறது.

ஆள் இருக்கிறார்கள், இடம் இல்லை

பயிற்சி பெற்றவர்கள் கிடைப்பதில்லை என்று சொல்ல முடியாது. மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் 1952-இல் சென்னை சமூகப்பணிக் கல்லூரி தோன்றியது. அதன்பின் இலயோலா கல்லூரி உள்ளிட்ட நம் கத்தோலிக்கக் கல்லூரிகளும் இப்படிப்பைத் தொடங்கின. ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர்கள் நிறுவனங்களின் பணியாளர் துறைக்கும், மருத்துவமனைகளுக்கும், தொண்டு நிறுவனத் திட்டங்களுக்கும் சென்றுவிடுகின்றனர். முதியோர் இல்லத்தில் அவர்களுக்கென ஒரு நாற்காலி போடப்படவில்லை.

ஏன்? நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது. எந்த இல்லத்திலும் வாசலருகே தொங்கும் நாட்காட்டியைப் பாருங்கள். பிறந்தநாள், திருமண நாள், இறந்தோர் நினைவு நாள் என்று உணவு வழங்குவோரின் பெயர்கள் வரிசையாக நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இடம் கிடைப்பதே அரிது. சில வாரங்களில் மூன்று நாள் பிரியாணி வந்துவிடுகிறது. பல் இல்லாதவர்கள் அதை மென்று திண்டாடுகிறார்கள். அந்நாட்காட்டியில் 'இம்மாதச் சமூகப் பணியாளர் ஊதியம் இன்னார் உபயம்' என்ற வரியை நான் கண்டதில்லை.

சோற்றுக்குக் கொடுக்கிறோம், சம்பளத்துக்குக் கொடுப்பதில்லை. சோறு கண்ணுக்குத் தெரிகிறது. உண்பவர் கைகூப்புகிறார், புகைப்படம் எடுக்க முடிகிறது. சம்பளம் அப்படிப்பட்டதன்று. 'தர்மப் பணத்தில் சம்பளமா?' என்றுகூடச் சிலர் முகம் சுளிக்கின்றனர். இதன் விளைவு என்ன? கன்னியர் ஒருவரே தலைவியாகவும் கணக்கராகவும் நர்ஸாகவும் காவலராகவும் நின்று, இரவில் மூன்று முறை எழுந்து, பகலில் நன்கொடையாளரை வரவேற்று, ஒவ்வொருவரோடும் அமர்ந்து பேச முடியவில்லையே என்ற வேதனையைச் சுமக்கிறார். அர்ப்பணம் அவரிடம் நிறைந்திருக்கிறது. அவருடைய நாளிலும் இருபத்து நான்கு மணி நேரந்தான் இருக்கிறது. அவருடைய தியாகத்தைப் புகழ்ந்துவிட்டு உதவிக்கு ஆள் கொடுக்காமல் இருப்பது நன்றி ஆகாது.

ஒரு கூடையின் பாடம்

முதியோருக்கெனவே சபை கண்ட புனித ஜான் ஜுகன் அம்மையாரின் வாழ்வு இங்கே ஒளி தருகிறது. 1839-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பிரான்சு நாட்டின் சேன் செர்வான் என்னும் ஊரில், பார்வையற்ற, கைகால் விளங்காத கிழவி ஒருவரைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் கட்டிலையே அவருக்கு அளித்துவிட்டுத் தாம் பரணில் படுத்தார். அதிலிருந்து பிறந்ததே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. 1882-இல் அச்சபை கல்கத்தாவுக்கு வந்தது. நம் சென்னை சேத்துப்பட்டிலும் அவர்களது இல்லம் உண்டு. 2009-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அம்மையாருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

அம்மையாரின் கட்டிலைப் பலரும் அறிவர். கூடையைப் பற்றி அறிந்தவர் குறைவு. அவரிடம் வந்த கிழவியர் பலர் முன்பு வீடு வீடாகப் பிச்சை எடுத்தவர்கள். யார் யார் வீட்டில் என்ன கொடுப்பார்கள் என்பதை அவர்களிடம் கேட்டறிந்து, அவர்களுக்குப் பதிலாகத் தாமே கூடையை ஏந்தி அவ்வீடுகளுக்குச் சென்றார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. உணவைத் தேடுவதற்கு முன் அவர் அவர்களுடைய கதையைக் கேட்டார். அவர்களது வாழ்க்கை வரைபடமே அவரது பணிக்கு வழிகாட்டியாயிற்று. இந்நாளில் கல்லூரிகள் பாடமாகக் கற்பிப்பதை அவர் அன்பினால் கண்டுகொண்டார் எனலாம்.

நாம் செய்யக்கூடியவை

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பங்குக் குடும்பங்களாகிய நாமே செய்யத்தக்கவை உள்ளன.

ஒரு சிறிய இல்லத்தால் தனியே ஒருவருக்கு ஊதியம் தர முடியாமலிருக்கலாம். இராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள இல்லங்கள் மூன்றோ நான்கோ சேர்ந்து ஒருவரை அமர்த்திக்கொள்ளலாம். வாரத்தில் ஒவ்வோர் இல்லத்துக்கும் குறிப்பிட்ட நாட்கள் வருவார். பத்துக் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு விருந்துச் செலவை ஊதிய நிதிக்கு ஒதுக்கினால் அவருடைய மாதங்களில் சில நிறைவேறும்.

சமூகப்பணிக் கல்லூரிகளுக்கு எழுதி ஆண்டுதோறும் களப்பயிற்சி மாணவரை வரவழைக்கலாம். ஆனால் மாணவர் கண்டறிந்தவை மாணவரோடு போய்விடாதபடி, ஒவ்வொரு முதியவருக்கும் நிலையான குறிப்பேடு ஒன்றை வைக்க வேண்டும்.

துறைமுகத்திலும் ரயில்வேயிலும் வங்கியிலும் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றோர் நம் பங்குகளில் ஏராளம். படிவம் நிரப்புவதும் அலுவலகத்தில் காத்திருப்பதும் அவர்களுக்குக் கைவந்த கலை. மாதம் ஒருநாள் இல்லத்துக்குச் சென்று ஓய்வூதியம், உயிர்வாழ்வுச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றைக் கவனித்தால் பெரும் புண்ணியம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் இல்லத்தின் சுவரில் எல்லாரும் காணும்படி எழுதி வைக்கலாம்.

பெற்றோரை இல்லத்தில் சேர்க்கும் நிலை வந்தால், கட்டடத்தையும் சமையலறையையும் பார்த்துவிட்டு நின்றுவிடாதீர்கள். ஐந்து கேள்விகள் கேளுங்கள்: என் தாயின் வாழ்க்கைக் கதையை யார் எழுதி வைப்பார்? அவருக்குக் குறை ஏற்பட்டால் யாரிடம் சொல்வார்? இரவில் எத்தனை பேருக்கு ஒரு பணியாள்? தூக்க மருந்து கொடுப்பதானால் எங்களிடம் கேட்பீர்களா? நாங்கள் எந்நேரமும் வந்து பார்க்கலாமா? நல்ல இல்லம் இக்கேள்விகளை வரவேற்கும். சேர்த்த பின்னரும் நம் கடமை முடிவதில்லை. பிதா மாதாவைச் சங்கித்திருப்பாயாக என்ற நான்காம் கட்டளைக்கு முகவரி மாறிவிட்டது என்பதால் விதிவிலக்கு இல்லை.

அடுத்த முறை இல்லத்துக்கு உணவுப் பொட்டலங்களோடு செல்லும்போது, ஒருவர் அருகிலாவது பதினைந்து நிமிடம் அமருங்கள். 'நலமா?' என்று கேட்டால் 'நலம்' என்ற விடையோடு பேச்சு முடிந்துவிடும். 'முன்பு என்ன தொழில் செய்தீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள்.

சென்ற மாதம் எங்கள் சபைக் கூட்டத்தில் காசிமேட்டு மூதாட்டியின் கதையைச் சொன்னேன். துறைமுகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் எழுந்து, தம் மனைவியின் நினைவு நாள் விருந்துக்கென வைத்திருந்த தொகையை ஊதிய நிதியின் முதற் பணமாகக் கொடுத்தார். அண்டையிலுள்ள இரண்டு இல்லங்களோடும் பேசி வருகிறோம். தொகை இன்னும் சேரவில்லை, ஆளும் அமையவில்லை. அதுவரை, சமையலறைத் தாழ்வாரத்தில் மூதாட்டிக்கு மீண்டும் இடம் தருமாறு தலைமைக் கன்னியரிடம் கேட்டிருக்கிறோம். காரணத்தை இம்முறை ஒரு தாளில் எழுதி, இரவுப் பணிப்பெண்ணின் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறோம்.